குரல் இருக்கும்போதே ஒரு பாட்டு
குரல்வளையை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் பழைய குரல் திரும்புவதில்லை. ஆகவே, நாள் குறிக்கப்பட்டவர்களிடம் நாங்கள் சொல்வது: மருத்துவர் இசைந்தால், வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து வையுங்கள். கணினியில் ‘ஆடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருள் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முதல் தடத்தில் தம்பூராச் சுருதி; அதை இயர்போனில் கேட்டபடி இரண்டாம் தடத்தில் பாட்டு. சுருதி வெளியே ஒலித்தால் குரலோடு கலந்துவிடும். பிறகு பிரிப்பது கடினம்.

குரல் கரகரக்கிறதே என்று தயங்க வேண்டா. வீட்டார் கேட்க விரும்புவது அந்தக் குரலைத்தான். என்ன பாடுவதென்று தோன்றாவிடில், பிள்ளைகளை உறங்கவைத்த தாலாட்டை முணுமுணுத்துப் பதியுங்கள். மறுநாள் கேட்கையில் அதன்மேல் புதிய மெட்டொன்று தோன்றலாம். அதற்கு மூன்றாம் தடம் இருக்கிறது. மூச்சிரைத்தாலோ வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். முடிந்ததை ‘வேவ்’ கோப்பாகச் சேமித்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.