தகுதியா, ஆற்றலா?

ஓட்டப்பந்தயத்தில் முதல்வன் யார் என்று எவரும் வாதிடுவதில்லை. கோட்டை முதலிற் கடந்தவனே முதல்வன். சதுரங்கத்திலும் அவ்வாறே, அரசன் அகப்பட்டான் எனில் ஆட்டம் முடிந்தது. ஆனால், ஒருவரோடொருவர் மோதிப் பார்க்காத இருவருள் மேலானவர் யார் என்று கேட்டுவிட்டால், அங்கே விளையாட்டு முடிந்து வழக்குத் தொடங்கிவிடுகிறது. அத்தகைய வழக்கொன்று ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நடைபெறுகின்றது. பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிகளுள் எவை இறுதிச் சுற்றுப்போட்டியில் இடம்பெறத் தகுந்தவை என்பதே அவ்வழக்கு.

எங்கோ நடக்கும் விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நம்மை வழிமறித்து, "ஒரு போட்டியிலும் தோற்காத அணியை வெளியே தள்ளிவிட்டு, தோற்ற அணியை உள்ளே எடுத்தார்களாம். அது நியாயமா, சேர்?" என்று கேட்டான். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அவன் கேள்வியைத் துருவிப் பார்த்தபோது, அது பந்தைப் பற்றிய கேள்வியன்று, நீதியைப் பற்றிய கேள்வி என்பது புலனாயிற்று.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நம் மைதானங்களில் நாம் காணும் உதைபந்தாட்டம் அன்று. அது றக்பியின் வழிவந்தது. பந்து முட்டை வடிவானது. பெரும்பாலும் கையிலேந்தியும் எறிந்துமே முன்னேறுவர். பக்கத்துக்குப் பதினொருவர். அவர்களுள் குவாட்டர்பேக் எனப்படுபவனே தேருக்குச் சாரதி போன்றவன். பந்து முதலில் அவன் கைக்கே வரும். அதை எறிவதா, பிறனிடம் கொடுப்பதா என்பதை அவனே தீர்மானிப்பான். இவ்வாட்டத்தின் முதற் பல்கலைக்கழகப் போட்டி 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றதாக வரலாறு கூறும்.

இனி வழக்கின் வேரைக் காண்போம். அது ஒரு சிறு கணக்கில் உள்ளது. மாணவர் தாமே செய்து பார்க்கலாம். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் மேற்பிரிவில் 136 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளோடும் ஒருமுறை மோதுவதாயின் 9,180 ஆட்டங்கள் வேண்டும். ஆனால், உடல் நொறுங்கும் இவ்வாட்டத்தில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. ஓர் அணிக்குப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களே வழக்கம். ஆகவே நடைபெறுவன ஏறக்குறைய எண்ணூறு ஆட்டங்கள்தாம். பதினொரு பங்கில் ஒரு பங்கைக் கண்டு முழுவதையும் தீர்ப்பிட வேண்டியிருக்கிறது! மேலும், பல்கலைக்கழகங்கள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்து, பெரும்பாலும் தத்தம் கூட்டமைப்புக்குள்ளேயே மோதுகின்றன. ஒரு கூட்டமைப்பு வலியோர் நிறைந்தது, மற்றொன்று அவ்வாறன்று. பன்னிரண்டு வெற்றி என்பது எங்கும் பன்னிரண்டே. ஆயினும் எல்லாப் பன்னிரண்டும் ஒரே எடையுடையன அல்ல.

நெடுங்காலம் இக்குறையைப் பத்திரிகையாளரின் வாக்கே நிரப்பி வந்தது. 1936ஆம் ஆண்டு முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் எழுத்தாளரிடம் வாக்குத் திரட்டி அணிகளை வரிசைப்படுத்தி வருகிறது. 1950ஆம் ஆண்டில் பயிற்றுநர்களும் தமக்கென ஒரு வாக்கெடுப்பைத் தொடங்கினர். இரு நீதிமன்றம் இருந்தால் இரு தீர்ப்பும் இருக்குமன்றோ? 1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் முதல்வர் என்று இரண்டிரண்டு அணிகள் முடிசூடின. இது நகைப்புக்கிடமாகவே, 1998ஆம் ஆண்டுப் பருவம் முதல் வாக்குகளையும் கணினிக் கணக்குகளையும் ஒன்றுசேர்த்து, முதலிரண்டு அணிகளை மட்டும் மோதவிடும் முறை வந்தது. 2004ஆம் ஆண்டில் ஓபேர்ன் பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காதிருந்தும் அவ்விரண்டுக்குள் வர இயலவில்லை. தோல்வி காணாத வேறு இரு அணிகள் அதற்கு முன் நின்றன. கணினியும் வாக்கும் கூடினாலும் இரண்டு ஆசனத்தில் மூவர் அமர முடியாது.

ஆகவே 2014ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆசனங்கள் நான்காயின. பதின்மூவர் கொண்ட குழுவொன்று டெக்சாஸ் மாநிலத்திலுள்ள விடுதியொன்றில் கூடி, நான்கு அணிகளைத் தெரிவு செய்யத் தொடங்கியது. தம் பல்கலைக்கழகம் பேசப்படும் வேளையில் அதனோடு தொடர்புடைய உறுப்பினர் எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும் என்ற நல்ல விதியும் அதற்குண்டு.

அக்குழுவின் தீர்ப்புகளுள் மிகுந்த கொந்தளிப்பை எழுப்பியது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நம் மாணவன் கேட்டதும் அதைப் பற்றியே. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி அவ்வாண்டு ஆட்டந்தோறும் வென்று வந்தது. நவம்பர் 18ஆம் திகதி அதன் சாரதியாகிய ஜோர்டான் டிராவிசின் கால் முறிந்தது. அவனுக்குப் பதிலாக வந்தவனைக் கொண்டு அவ்வணி அடுத்த ஆட்டத்தையும் வென்றது. அவனும் காயமுற, மூன்றாம் நிலையில் இருந்த புதியவனைக் கொண்டு, லூயிவில் அணியை 16க்கு 6 என வீழ்த்தித் தன் கூட்டமைப்பின் முடியையும் சூடியது. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி. மறுநாள், டிசம்பர் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, குழுவின் தீர்ப்பு வெளியாயிற்று. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா ஆகியவை நான்கு இடங்களைப் பெற்றன. புளோரிடா மாநில அணிக்கு ஐந்தாம் இடம். டெக்சாசும் அலபாமாவும் ஒவ்வொரு தோல்வி கண்டவை. பெருங்கூட்டமைப்பொன்றின் முடியைத் தோல்வியின்றிச் சூடிய அணி அந்நால்வர் முறையில் விலக்கப்பட்டது அதுவே முதன்முறை.

குழுவினர் கூறிய காரணம் இது: சாரதியை இழந்த அணி முன்னைய அணியன்று. குழுவின் விதிகளும் இதற்கு இடமளித்தன. முக்கிய வீரர் இல்லாமை இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமாயின் அதனையும் கருதலாம் என்று அவை கூறுகின்றன. ஆகவே குழுவினர் விதியை மீறினர் என்று கூறுதல் பொருந்தாது. அலபாமாவின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அது முந்திய இரண்டாண்டும் நாட்டின் முதல்வராக விளங்கிய ஜோர்ஜியாவை 27க்கு 24 என வென்றிருந்தது. அதனினும் கடுமையான சோதனையை அவ்வாரம் எவ்வணியும் கடக்கவில்லை.

இருப்பினும், கால் முறிந்து கிடந்த டிராவிஸ் அன்று வெளியிட்ட செய்தியை நாம் மறக்க முடியவில்லை. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கலாகாதா, அவ்வாறு முறிந்திருந்தால் இவ்வணி தன் ஒருவனால் ஆனதன்று என்பதை எல்லாரும் கண்டிருப்பார்களே என்று அவ்விளைஞன் வருந்தி எழுதினான். தோழர் பெற்ற வெற்றியைத் தன் காயம் பறித்துவிட்டதே என்ற துயரம் அதில் ஒலிக்கின்றது. பல்கலைக்கழக விளையாட்டு வீரனுக்குப் பருவங்கள் சிலவே. இறுதியாண்டு மாணவனுக்கு அடுத்த ஆண்டு என்பதில்லை.

இங்கே நாம் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். தகுதி என்பது ஒருவன் செய்து முடித்ததன் பயன். ஆற்றல் என்பது அவன் இனிச் செய்யக்கூடியது. ஆசிரியத் தொழிலில் இவ்விரண்டையும் நாம் நாள்தோறும் சந்திக்கின்றோம். விடைத்தாளைத் திருத்தும்போது, எழுதியதற்கே புள்ளி. கெட்டிக்காரன் ஒருவன் காய்ச்சலோடு வந்து அரைகுறையாக எழுதிப் போனால், 'நலமாயிருந்தால் நன்றாக எழுதியிருப்பான்' என்று அவனுக்குப் புள்ளி கூட்ட நமக்கு உரிமையில்லை. அதுபோலவே, 'அடுத்த தவணையில் இவன் பின்தங்கிவிடுவான்' என்று நன்றாக எழுதியவனின் புள்ளியைக் குறைக்கவும் உரிமையில்லை. ஆனால், நாளைய போட்டிக்கு அணி தெரியும் பயிற்றுநர் அவ்வாறு செய்தல் இயலாது. காலில் அடிபட்டவன் சென்ற வாரம் எத்தனை ஓட்டம் எடுத்தாலும் அவனை நிறுத்தியே ஆகவேண்டும். முன்னது பரிசளித்தல், பின்னது பணிக்கமர்த்தல். இரண்டும் நியாயமே, ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால்தான் அநியாயம்.

அமெரிக்கக் குழுவினர் இவ்விரண்டையும் ஒரே நூலிற் கோத்துவிட்டனர் என்பது நம் கருத்து. எதிரிகளின் வலிமையை எடைபோடுவது தவிர்க்க இயலாதது. எண்ணூறு ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பிடுவோர் எளிய வெற்றியையும் அரிய வெற்றியையும் வேறுபடுத்தியே ஆகவேண்டும். அது கடந்ததை அளப்பது, ஆகவே நீதி. ஆனால், 'இவ்வணி இனி வெல்லாது' என்று கூறி ஈட்டிய வெற்றியைத் தள்ளுவது, வருவதைக் கணிப்பது, அது சோதிடம்.

அச்சோதிடம் பலிப்பதும் உண்டு, பொய்ப்பதும் உண்டு. புளோரிடா மாநில அணி பின்னர் ஓர் ஆறுதல் ஆட்டத்தில் ஜோர்ஜியாவிடம் 63க்கு 3 எனத் தோற்றது. பார்த்தீர்களா என்றனர் குழுவை ஆதரித்தோர். ஆயினும், இடம் மறுக்கப்பட்டபின் வீரர் பலர் அவ்வாட்டத்திலிருந்து விலகிக்கொண்டனர் என்பதை அவர்கள் கூறவில்லை. மனமுடைந்த அணியின் தோல்வி, மனமுடைத்த தீர்ப்புக்குச் சான்றாகாது. மறுபுறம் 2014ஆம் ஆண்டைப் பாருங்கள். ஒஹாயோ மாநில அணி அவ்வாண்டு சாரதியர் இருவரைக் காயத்தால் இழந்தது. மூன்றாமவனைக் கொண்டு விஸ்கொன்சினை 59க்கு 0 என வென்று, நான்காம் இடத்தை மயிரிழையிற் பெற்றது. அம்மூன்றாமவனே அலபாமாவையும் ஒரிகனையும் வென்று நாட்டின் முடியைக் கொணர்ந்தான். அன்று கதவு திறந்தபடியால் அறிந்தோம். 2023இல் திறக்காத கதவுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதை எவரும் அறியார்.

ஆசனங்களைப் பெருக்கினால் வழக்குத் தீருமென்று கருதி, 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கைப் பன்னிரண்டாக்கினர். வழக்குத் தீர்ந்ததா? அவ்வாண்டே மூன்று தோல்வி கண்ட அலபாமாவா, இரு தோல்வி கண்ட தெற்கு மெதடிஸ்ற் பல்கலைக்கழகமா என்ற வாதம் மூண்டது. குழு பின்னதைத் தெரிந்தது. அது முதலாட்டத்திலேயே பென்சில்வேனியா மாநில அணியிடம் 38க்கு 10 எனத் தோற்றது. அலபாமாவோ தன் விழாவாட்டத்தில் மிச்சிகனிடம் தோற்றது! முடியைச் சூடியதோ எட்டாம் இடத்தில் நுழைந்த ஒஹாயோ மாநில அணி. பழைய முறையில் அதற்கு இடமே கிடைத்திராது.

2025ஆம் ஆண்டிலும் அதே கதை வேறு வேடம் பூண்டது. மயாமி, நோட்ரடாம் ஆகிய இரண்டும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி என்று சமமாக நின்றன. பருவத் தொடக்கத்தில் மயாமி 27க்கு 24 என நோட்ரடாமை வென்றிருந்தது. இருந்தும் குழுவின் வாராந்த வரிசையில் நோட்ரடாமே மேலே இருந்து வந்தது. இறுதி வரிசையில் மட்டும் மயாமி மேலேறிற்று, நோட்ரடாம் வெளியேறிற்று. இறுதி வாரத்தில் இரண்டுமே ஆடவில்லை. நேருக்கு நேர் கண்ட வெற்றியை மதித்த அத்தீர்ப்பு சரியென்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதை முதல் வாரத்திலேயே மதித்திருந்தால், நோட்ரடாம் மாணவருக்கு வீண் நம்பிக்கை ஊட்டியிருக்க வேண்டியதில்லை. மனம் கசந்த அவர்கள் வேறெந்த விழாவாட்டத்திலும் பங்குபற்ற மறுத்தனர். மயாமியோ இறுதிப் போட்டி வரை சென்று, 2026ஆம் ஆண்டு ஜனவரியில் தோல்வியறியா இந்தியானா அணியிடம் 27க்கு 21 என வீழ்ந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகின்றது. வாயிலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வாயிலுக்கு வெளியே ஒருவன் நிற்கவே செய்வான். இரண்டாக இருந்தபோது மூன்றாமவன். நான்காக இருந்தபோது ஐந்தாமவன். பன்னிரண்டாக இருந்தபோது பதின்மூன்றாமவன். நிற்பவன் யார் என்பது மாறலாம். ஒருவன் நிற்பது மாறாது. ஆகவே, தெரிவு செய்வோரின் கடமை எல்லாரையும் மகிழ்விப்பதன்று. வெளியே நிற்பவன் கேட்டால், 'நீ இதைச் செய்யவில்லை' என்று கூறத்தக்க காரணம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே அவர்கள் கடமை. அலபாமாவிடம் 2024இல் அவ்வாறு கூற முடிந்தது. 2023இல் புளோரிடா மாநில அணியிடம் என்ன கூறுவது? எல்லாவற்றையும் செய்தாய், ஆனால் போதாது என்றா?

நம் மாணவனுக்கு இவற்றைக் கூறினோம். சிறிது நேரம் சிந்தித்த அவன், "அப்படியானால் அவர்கள் ஆடியது வீணா, சேர்?" என்றான். வீணன்று என்றோம். சாரதியை இழந்த பின்னும் இரண்டு ஆட்டங்களை வென்றார்களே, அவ்வெற்றியை எந்தக் குழுவாலும் அழிக்க முடியாது. பதின்மூன்று வெற்றி ஏட்டில் பதின்மூன்றாகவே நிற்கும். இடம் பிறர் தருவது; வெற்றி தாமே பெற்றது.

நம் வீடுகளிலும் அணிக்குத் தெரிவு செய்யப்படாத பிள்ளை ஒன்று மாலையில் முகம் வாடி வந்து நிற்கக்கூடும். அப்போது பெற்றோர் 'அடுத்தமுறை பார்ப்போம்' என்று கூறி அனுப்பிவிடாது, அது என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை உடனிருந்து எண்ணிப் பார்ப்பார்களாக. செய்யாதது ஒன்று இருந்தால் அதைச் செய்யப் பயிற்றலாம். ஒன்றும் இல்லையெனில், குறை பிள்ளையிடத்தில் இல்லை என்பதை அதற்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சொல் அப்பிள்ளைக்கு வேண்டும்.