விண்மீன் கொத்துகளை நோக்குதல்: உருப்பெருக்கமும் பார்வைப்புலமும்

விண்மீன் கொத்துகளை நோக்க விழைவோர் பலர், உருப்பெருக்கம் மிகுந்த கருவியே சிறந்தது எனக் கருதுவர். கொத்தின் இயல்பே கருவியைத் தீர்மானிக்கிறது என்பதைக் கார்த்திகை, ஒமேகா சென்டாரி ஆகிய இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கார்த்திகை ஒரு திறந்த கொத்து. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் பொலிவுமிக்க விண்மீன்கள், வானில் ஒரு பாகைக்கு மேல் பரவியுள்ளன. கலிலியோ 1610இல் வெளியிட்ட நூலில் இக்கொத்தின் 36 விண்மீன்களை வரைந்து காட்டினார். அவரது தொலைநோக்கியின் பார்வைப்புலம் முழுநிலவின் விட்டத்தைவிடச் சிறியது. ஆகவே அவர் கொத்தைப் பகுதி பகுதியாகவே கண்டிருத்தல் வேண்டும். இன்றைய 7×50 இருகண்ணோக்கி ஏறத்தாழ 7 பாகைப் புலத்தைத் தருவதால், கொத்து முழுவதும் ஒருங்கே தோன்றுகிறது. நூறு மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் ஏறத்தாழ அரைப் பாகையே அடங்கும். விண்மீன்கள் தெரியும், கொத்து தெரியாது.

ஒமேகா சென்டாரி ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோளக் கொத்து. தாலமி இதனை விண்மீனாகவே பட்டியலிட்டார். 1677இல் செயின்ட் எலினா தீவிலிருந்து நோக்கிய ஹாலி, இது தனி விண்மீன் அன்று என அறிந்தார். மே மாத இரவுகளில் மதுரையிலிருந்து நோக்கினால், இது தென்வானில் 30 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும். இருகண்ணோக்கியில் ஒளித்திட்டாகவே தோன்றும் இக்கொத்து, 200 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியில் எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிகிறது. அத்தொலைநோக்கி 50 மி.மீ. வில்லையைப்போல் 16 மடங்கு ஒளியைத் திரட்டுவதும், உயர்ந்த பெருக்கத்திற்கு இடந்தருவதுமே இதற்குக் காரணம்.

எனவே, ஒரு கொத்தில் எத்தனை விண்மீன்கள் தெரிந்தன என்னும் பதிவு, கருவியின் விட்டமும் பெருக்கமும் குறிக்கப்படாவிடில் ஒப்பீட்டிற்குப் பயன்படாது.