விப்ரியோ காலனிகளை விவரித்தல்

பாக்டீரியா காலனி என்பது திண்ம வளர்ப்பூடகத்தில் ஒரு செல்லோ சில செல்களோ பெருகி, வெறும் கண்ணுக்குத் தெரியுமளவு திரண்ட கூட்டம் ஆகும். அதன் வடிவம், விளிம்பு, மேடு, பரப்பு, நிறம், விட்டம் ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன.

கடலோர நீரும் எண்ணூர்க் கழிமுகம் போன்ற உவர்நீர்ப் பகுதிகளும் விப்ரியோ பேரினத்தின் இயல்பான வாழிடங்கள். ஆகவே காசிமேடு போன்ற துறைமுகங்களில் இறங்கும் மீன், இறால் ஆகியவற்றில் விப்ரியோவைத் தேட டி.சி.பி.எஸ். அகார் என்னும் பச்சைநிற ஊடகம் பயன்படும். இதன் காரத்தன்மையும் (பி.எச். 8.6) பித்த உப்புகளும் பிற பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்குகின்றன.

தட்டுகள் 35–37 பாகை செல்சியசில் 18–24 மணி நேரம் வைக்கப்படும். காலரா நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே, ஊடகத்திலுள்ள சுக்ரோசை நொதிக்கச் செய்து அமிலம் உண்டாக்குவதால் அதன் காலனி மஞ்சளாகிறது. கடலுணவு வழி வயிற்றுப்போக்கைத் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் சுக்ரோசை நொதிக்கச் செய்வதில்லை. அதன் காலனி நீலப்பச்சையாக இருக்கும்.

ஆனால் கடல்நீரில் பரவலாக உள்ள விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகசும் மஞ்சள் காலனியே தரும். எனவே மஞ்சள் நிறம் காலராவுக்குச் சான்றாகாது. குறிப்பேட்டில் "காலரா" என்று எழுதாமல், "மஞ்சள், வட்டம், 2 மி.மீ." என்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். பின்னர் தனிக் காலனியைச் சாதாரண அகாரில் மீள்வளர்த்து, ஆக்சிடேசு சோதனையும் ஓ1, ஓ139 ஊநீர்த் திரட்சிச் சோதனையும் செய்த பிறகே இனத்தையும் வகையையும் முடிவு செய்யலாம்.