ஏறும்போது நல்ல கால்

பத்து காஜாவின் பழைய மலிவு விலை வீடுகளில், குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு இருக்கும். தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடக் கூடாதென்று கட்டியது. தோட்டத்து லயத்தை விட்டுக் குடிவந்த நாளிலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக அதைத் தாண்டிப் பழகிய என் பெரியம்மா, போன வருடம் ஒரு விடிகாலையில் அதிலேயே தடுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு மருமகள் ஓடிப் பார்த்தபோது இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் கால் அப்படித்தான் கிடக்கும். அந்த நிலையில் ஆளைத் தூக்கி நிறுத்திப் பார்க்கக் கூடாது. கிடந்தபடியே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். நல்லவேளையாக மருமகள் அதைத்தான் செய்தார்.

பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. செய்தி கேட்டு வந்த சொந்தங்களில் மூன்று பேர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இந்த வயசுல கத்தி வைக்கணுமா? எண்ணெய் தேய்ச்சுக் கட்டிப் படுக்க வச்சிருவோம்." மூவரும் பெரியம்மாமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த அன்பைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்துக்குள் உருளும் பந்து. பந்து தொடை எலும்பின் உச்சியில் இருக்கிறது, கிண்ணம் இடுப்பெலும்பில். பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை அந்தக் குறுகலான கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் ரத்த ஓட்டம் அறுந்து பந்து செத்துப்போகலாம். கட்டுப் போட்டாலும் எலும்பு ஒட்டாது, எண்ணெய் தேய்த்தாலும் ஒட்டாது. படுத்தே கிடந்தால் முதுகில் புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, மூத்திரத்தில் கிருமி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதனால்தான் உடம்பு தாங்குமென்றால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்யப் பார்க்கிறார்கள். வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த வயதான உடம்புக்குத்தான் நஷ்டம்.

"வேலை செஞ்ச எலும்பு, அவ்வளவு லேசில் உடையாது" என்ற நம்பிக்கை நம் தோட்டத்துப் பெண்களிடம் பலமாக இருக்கிறது. காரணமும் உண்டு. இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டி, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தூக்கி மேடும் பள்ளமும் நடந்த உடம்பு அவர்களுடையது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகிறது. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது. கண்ணில் புரை விழுகிறது. இத்தனையும் சேர்ந்த ஒருவர் இரவில் இரண்டு முறை ஈரத் தரைக்குப் போய் வருகிறார்.

பெரியம்மாவுக்கு முழு மூட்டும் மாற்றினார்கள். தனியாக நடமாடிக்கொண்டிருந்தவர் என்பதால் அந்த முடிவு. மிகவும் தளர்ந்துபோனவர்களுக்குப் பந்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். "தச்சு வேலை பார்க்கிற மாதிரி சுத்தியல் சத்தம் கேட்டுச்சு, வலிதான் இல்ல" என்றார். அடுத்துக் கேட்ட கேள்வி, "எனக்குள்ள என்னத்த வச்சாங்க?"

அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்போடு ஒட்டவைக்கும் ஒரு வகைச் சிமெண்ட் என்பது அவர் ஏற்பாடு. முதலில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். அது சில வருடங்களில் தேய்ந்து நோயாளிகளைப் புண்படுத்தியது. அதன் பிறகு மாற்றுப் பொருளைக் கண்டதும், டெஃப்லானையும் புதிய பாலிஎத்திலீனையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1962 நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அந்தப் புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. பர்மாவின் மண்டலே பொது மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்த சான் பா, 1960 ஜனவரியில், இடுப்பு முறிந்து கூடாமல் போன 83 வயதுப் பௌத்தத் துறவிப் பெண்ணுக்கு யானைத் தந்தத்தில் கடைந்த பந்தைப் பொருத்தினார். உலோகப் பந்தைவிடத் தந்தம் அங்கே மலிவு. 1969இல் லண்டன் மாநாட்டில் தன் முடிவுகளைச் சொன்னார். மொத்தத்தில் 300 பேருக்கு மேல் அப்படிச் செய்தார். ஊரின் பெயரிலேயே யானையை வைத்திருக்கும் பெரியம்மாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. துறவியின் வயதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "எண்பத்து மூணா? அப்போ நான் சின்னப் பொண்ணு" என்றார்.

அறுவையின் இரண்டாம் இரவுதான் எங்களைப் பயமுறுத்தியது. விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது பெரியம்மா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார். வாளி எங்கே, கத்தி எங்கே என்று கேட்டார். கங்காணி வந்துவிடுவார், பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அழுதார். செத்து பதினோரு வருடமான பெரியப்பாவைப் பெயர் சொல்லாமல் "இந்தாங்க, எழுந்திரிங்க" என்று கூப்பிட்டார். துணைக்கு இருந்த மகன் நடுங்கிப்போய்விட்டான். காலையில் ஒரு சொந்தக்காரர், காத்துக் கருப்பு ஏதாவது இருக்கும், மந்திரிக்க ஆள் கூட்டி வரட்டுமா என்றார்.

அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் இந்தக் குழப்பம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, கிருமித் தொற்று, உடம்பில் நீர் குறைவு, பழக்கமில்லாத இடம் எல்லாம் சேர்ந்து மூளையைக் கலக்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். உடனே வார்டு மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணத்தைத் தேடி வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டார் செய்யக்கூடியது எளிது: மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுவது, காது கருவி இருந்தால் வைப்பது, கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், பகலில் வெளிச்சம், பழகிய குரல். எதிர்த்துப் பேச வேண்டாம். "இன்னிக்கு மழை, வெட்டு இல்லம்மா" என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மழை நாளில் பால் வெட்டு இல்லை என்பது முப்பது வருடமாக அவர் உடம்பில் ஊறிய சட்டம். "அப்படியா" என்று படுத்துக்கொண்டார். நான்காம் நாள் தெளிந்துவிட்டது.

அறுவைக்கு மறுநாளே உடற்பயிற்சிச் சிகிச்சைக்கான மலாய்ப் பெண் ஒருவர் வாக்கரோடு வந்து அவரை நிற்க வைத்திருந்தார். "பெலான்-பெலான், மக்சிக்" என்று சொல்லிச் சொல்லி நான்கு அடி நடக்க வைத்தார். தையல் காயாத உடம்பை நடக்க விடுகிறார்களே என்று எங்களுக்குப் பதறியது. புதிய மூட்டு அன்றைக்கே பாரம் தாங்கும்படிதான் பொருத்தப்படுகிறது. நடந்தால்தான் ரத்தம் கட்டாமல் ஓடும், நுரையீரல் விரியும், தசை உருகாமல் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்தது நேர் எதிரானது. சாப்பாடு கட்டிலுக்குப் போனது. தண்ணீர் கட்டிலுக்குப் போனது. டிவியைத் திருப்பிக் கட்டில் பக்கம் வைத்தோம். அவர் எழ முயன்றால் நான்கு பேர் "எழுந்திரிக்காதீங்க, எழுந்திரிக்காதீங்க" என்று ஓடினோம். பத்தியம் என்று முட்டை, கோழி, மீன் மூன்றையும் நிறுத்திக் கஞ்சி கொடுத்தோம். பத்து நாளில் தொடை துவண்டுபோனது. பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது அந்த மலாய்ப் பெண் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாயாங் சாயாங் என்று படுக்க வைத்தால் இந்தக் கால் போய்விடும்" என்று எங்களைத்தான் கண்டித்தார். அந்தக் கண்டிப்புக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அன்று மாலையே எல்லாம் மாறியது. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை வந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஹாருவான் மீன் சூப் வைத்து வாரம் இரண்டு தடவை கொண்டுவந்தார். நமது விரால்தான் அது. அறுவைக்குப் பின் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இந்த நாட்டில் அதைத் தேடுவார்கள். சாப்பாடு மேசைக்கு மாறியது. மேசைக்கு நடந்து வந்தால்தான் சோறு.

தரையில் சம்மணம் போடுவது, குந்துவது, கால்மேல் கால் போடுவது, கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பது ஆகியவற்றுக்கு முதல் மூன்று மாதம் தடை. அறுவையைப் பின்பக்கமாகச் செய்தவர்களுக்கு, இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்கினாலோ கால் உள்பக்கம் திரும்பினாலோ பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். எத்தனை நாள், எது கூடாது என்பதை அவரவர் அறுவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். குந்தும் கழிப்பறைமேல் உயரமான கமோடு நாற்காலியை வைத்தோம். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்ததால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டைச் செருகினோம். தூங்கும்போது இரு காலுக்கும் நடுவே தலையணை. கைலியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னோம். கணுக்காலை உருவிவிடுகிறேன், தொடைக்கு எண்ணெய் போடுகிறேன் என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பினோம், ஏனென்றால் காலில் ரத்தம் கட்டியிருந்து அதை அழுத்தி உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், காயத்தில் சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கால் மறுபடி குட்டையாகத் தெரிந்தாலும், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

பயிற்சியைப் பெரியம்மா தன் வழியில் எடுத்துக்கொண்டார். எப்படியும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முட்டியை மெத்தையில் அழுத்துவது, நாற்காலியைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது எல்லாவற்றையும் மரக் கணக்கில் எண்ணினார். பத்து தடவை ஒரு நிரை. "இன்னிக்கு ஆறு நிரை முடிச்சிட்டேன்" என்பார். இரண்டாம் மாதத்தில் படி ஏறப் பழக்கினார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் இறங்க வேண்டும். இதை ஒரு நாளில் பிடித்துக்கொண்டார்.

எங்கே போக ஆசை என்று பயிற்சியில் கேட்டபோது அவர் சொன்னது கெல்லி மாளிகைக்குப் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலை. கிந்தா கெல்லாஸ் தோட்டத்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், மாளிகை வேலைக்கு வந்த தமிழர்கள் விஷக் காய்ச்சலில் மடிந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி கட்டிய கோயில். நன்றிக்கு அவர் உருவத்தையும் கூரையில் சாமிகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். மாளிகைக் கோபுரத்தில் மலாயாவின் முதல் மின்தூக்கி வரவிருந்தது. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, எல்லாம் பாதியில் நின்றது. பெரியம்மா அந்தக் கோயிலுக்கு நான்காம் மாதம் தொங்காட் ஊன்றிப் போனார். விழுந்து கும்பிட முடியவில்லை என்று ஒரு வருத்தம். நின்றே கும்பிட்டுவிட்டு வந்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் சொற்பம்தான், நாளுக்கு 3 வெள்ளி. ஆனால் உள்ளே வைக்கும் மூட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும், அது ஆயிரக்கணக்கில் வரும். ரயில்வேயிலும் அரசு வேலையிலும் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தச் செலவில் அரசு கைகொடுக்கிறது. பால் வெட்டி ஓய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, சேமநிதியும் எப்போதோ தீர்ந்திருக்கும். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகநலப் பிரிவு இருக்கிறது. வருமானச் சான்று, அடையாள அட்டை நகலோடு அங்கே போய்க் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் கிந்தா மக்களில் பலர், வார்டில் படுத்திருந்தும் இப்படி ஒரு கதவு இருப்பதை அறியாமல் கடன் வாங்குகிறார்கள் என்றே நினைக்கிறேன். நாங்களும் முதலில் அப்படித்தான் நகையை எடுத்தோம்.

புதிய மூட்டு எத்தனை நாள் வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பல நாட்டுப் பதிவுகளைத் திரட்டி 2019இல் வந்த ஓர் ஆய்வின்படி, மாற்றிய இடுப்புகளில் பாதிக்கும் மேல், 58 விழுக்காடு, 25 வருடம் உழைக்கின்றன. எழுபதைத் தாண்டியவருக்கு அது போதும். கவனிக்க வேண்டியது மற்ற இடுப்பைத்தான். இங்கிலாந்தின் ராஜமாதா எலிசபெத்துக்கு 1995இல், 95 வயதில், ஓர் இடுப்பை மாற்றினார்கள். 1998இல் விழுந்து மற்றதும் முறிந்தது. அதையும் மாற்றிக்கொண்டு 101 வயது வரை இருந்தார். ஒரு முறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு அதிகம் என்பதால், எலும்பைப் பலப்படுத்தும் மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றியது ஐந்தாம் மாதத்தில்தான்.

குளியலறை வாசல் திட்டை உடைத்துச் சமமாக்கிவிட்டோம். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை அது. வீட்டில் அறுபது தாண்டியவர் இருந்தால் இந்த வார இறுதியிலேயே அதைச் செய்யுங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு போடுங்கள். கழிப்பறைச் சுவரில் இரும்புக் கைப்பிடியை ஆணி முடுக்கிப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது.