கண்ணில் வளரும் கட்டி... கத்தி வைக்காமல் சொட்டு மருந்திலேயே கரைக்க முடியுமா?

கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்னதாக ஒரு சதை, கூடவே லேசான உறுத்தல், சிவப்பு. "தூசி பட்டிருக்கும், தானா சரியாயிடும்" என்று பலரும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத சதை வளர்ச்சிதான். ஆனால், சிலருக்கு அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், இப்படிப்பட்ட கட்டிகளில் பலவற்றை சொட்டு மருந்தாலேயே கரைத்துவிட முடியும்.

இது என்ன கட்டி?

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலும், கருவிழியின் மேற்பரப்பிலும் உள்ள செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதால் வருவது. டாக்டர்கள் இதை 'ஓஎஸ்எஸ்என்' என்பார்கள். கருவிழியும் வெள்ளைப் பகுதியும் சேரும் ஓரத்தில்தான் அதிகம் தோன்றும். பல வருடம் கண்ணில் படும் வெயிலின் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம். எச்ஐவி, எச்பிவி வைரஸ் தொற்று, புகைப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

ஆபரேஷன் இருக்கும்போது சொட்டு மருந்து எதுக்கு?

ஆபரேஷனில் கட்டியோடு, சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் சவ்வையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். ஆனாலும் பார்வைக்குத் தெரியாத நோய் செல்கள் மிச்சமிருந்தால் கட்டி திரும்ப வரும். சொட்டு மருந்தோ கண்ணின் மேற்பரப்பு முழுவதும் பரவி, ஒளிந்திருக்கும் செல்களையும் தாக்கும்.

கென்யாவில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகு, ஒரு பிரிவினருக்கு 'ஃப்ளோரோயூராசில்' சொட்டு மருந்தும், இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத சொட்டும் 4 வாரம் கொடுக்கப்பட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், மருந்து போடாத 47 பேரில் 17 பேருக்குக் கட்டி திரும்ப வந்திருந்தது. மருந்து போட்ட 47 பேரில் 5 பேருக்கு மட்டுமே வந்தது.

என்னென்ன மருந்துகள்?

ஃப்ளோரோயூராசில், மைட்டோமைசின்-சி இரண்டும் கீமோதெரபி மருந்துகள். வேகமாகப் பெருகும் செல்களின் டிஎன்ஏ-வைக் குறிவைப்பவை. அதனால் சில நாள் போட்டு, சில வாரம் இடைவெளி விட்டு, மறுபடி தொடங்குவார்கள். அந்த இடைவெளியில்தான் நல்ல செல்கள் தேறும். மூன்றாவது, 'இன்டர்ஃபெரான்'. இது உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும். எரிச்சல் குறைவு, ஆனால் பல மாதம் விடாமல் போட வேண்டும்.

பக்கவிளைவு உண்டா?

உண்டு. கண் சிவப்பு, வலி, இமை வீக்கம் வரலாம். மைட்டோமைசின் அளவு மீறினால் கருவிழி ஓரத்தின் ஸ்டெம் செல்களே பாதிக்கப்படும். கர்ப்பிணிகளுக்கு கீமோ சொட்டுகள் கூடாது. இரண்டு நாளில் எரிச்சல் குறைந்துவிட்டது, கட்டி சுருங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்துவதும் தப்பு. கட்டி மறைந்த பிறகும் வருடக்கணக்கில் செக்-அப் அவசியம்.

எல்லாருக்கும் இது போதுமா?

போதாது. கட்டி கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவியிருந்தால் மேலே போடும் சொட்டு அங்கே எட்டாது; ஆபரேஷன்தான் வழி. என்ன கட்டி, எவ்வளவு ஆழம் என்பதை ஸ்கேன், பயாப்ஸி மூலம்தான் உறுதி செய்ய முடியும்.

அதனால், கண் சிவப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு வேறு, இது வேறு. கண்ணில் உள்ள சதை வளர்ந்துகொண்டே போனாலோ, அதன் மேல் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் தடித்திருந்தாலோ தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.