டாங்ராவின் சீனர்கள்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் ஆச்சிப்பூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் ஆச்சூ என்ற சீன வணிகர், அப்போதைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று அங்கே கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலையும் வைத்தார். வேலைக்கு ஆட்களைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். ஊர்ப்பெயரில் அவர் இன்னும் இருக்கிறார். சீனப் புத்தாண்டையொட்டி கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் அவர் கல்லறையில் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் தொழில்களைப் பிரித்துக்கொண்டார்கள். கான்டன்காரர்கள் தச்சு வேலை செய்தார்கள். ஹூபேயிலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியம் பார்த்தார்கள். ஹக்கா என்ற சீனப் பிரிவினருக்குத் தோல். மேல்சாதியார் தீட்டென்று ஒதுக்கிய தொழில் அது. நகரின் கிழக்கே சதுப்பாகக் கிடந்த டாங்ராவில் அவர்கள் தோல் பதனிடும் ஆலைகளை எழுப்பினார்கள். வாணியம்பாடி, ராணிப்பேட்டைவாசிகளுக்கு அந்த நெடியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அதே டாங்ராவில் சீனர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது; நூடுல்ஸும் அங்கே பிரசாதம்!

அப்புறம் வந்தது 1962-ன் இந்திய-சீனப் போர்.

அந்தப் போரில் இந்தியாவுக்கு உதவிய அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியும் இதேபோல் குடியேறிகளின் வாரிசுதான். அவருடைய கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி எட்டுப் பேருமே அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கில் கப்பலேறிய ஐரிஷ்காரர்களை, அமெரிக்கா முதலில் அழுக்கர்கள், குடிகாரர்கள், போப்பின் அடிமைகள் என்றுதான் ஏசியது. ஆனால் வாக்குரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அதை வைத்தே நகராட்சிகளையும் காவல்துறையையும் கட்சிகளையும் பிடித்து, கடைசியில் வெள்ளை மாளிகைக்கும் போனார்கள்.

கென்னடி இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பிய அதே நவம்பரில், இந்தியாவிலேயே பிறந்த சீன வம்சாவளியினரைப் போலீஸ் வீடுவீடாகப் போய்ப் பிடித்தது. அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பகுதிகளிலிருந்து கைக்குழந்தைகள், முதியவர்கள் உட்பட சுமார் 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் 1967 வரை அங்கே கிடந்தார்கள். அவர்கள்மேல் எந்த வழக்கும் நடக்கவில்லை. வெளியே இருந்த கொல்கத்தாச் சீனர்களும் கண்காணிப்புக்கும் பயணத் தடைகளுக்கும் உள்ளானார்கள். வங்காளமும் இந்தியும் பேசி வளர்ந்தவர்களை அவர்கள் முகத்தைப் பார்த்தே எதிரி என்று அரசு முடிவு செய்தது. இதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பயந்தவர்கள் மெல்ல வெளியேறத் தொடங்கினார்கள். தோல் ஆலைகளை நகருக்கு வெளியே பான்தலாவுக்கு மாற்றச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, மிச்சமிருந்தவர்களில் பலரும் ஆலைகளை உணவகங்களாக மாற்றினார்கள்; மற்றவர்கள் கிளம்பினார்கள். இன்று கொல்கத்தாவில் எஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான்.

போனவர்களில் பெரும்பங்கினர் நம் ஈழத்தமிழர்களும் திரளாக வாழும் டொரன்டோவில் இருக்கிறார்கள். அங்கே ‘ஹக்கா’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் கிடைப்பது, சில்லி சிக்கனும் மஞ்சூரியனுமாகக் கொல்கத்தா ருசி. தேவ்லியில் அடைபட்டவர்கள் கனடாவில் ஒரு சங்கம் அமைத்து, இந்திய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரிவருகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் இதேபோல் அடைத்துவைத்த ஜப்பானிய அமெரிக்கர்களிடம் அமெரிக்கா 1988-ல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தேவ்லியில் குழந்தைகளாக இருந்தவர்களே இன்று எழுபதைத் தொடுகிறார்கள்.