துணை இயந்திரத் துப்பாக்கி: உறுப்புகளும் அவற்றின் பணியும்



செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கே எஃகுத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி வடிவமாக்குகிறார்கள், குழாயை அளந்து வெட்டுகிறார்கள், வெல்டிங் வைத்து இணைக்கிறார்கள், சுருள்வில்லைப் பொருத்துகிறார்கள். தகடு, குழாய், சுருள்வில், வெல்டிங் ஆகிய இந்நான்கும் மோட்டார் வண்டித் தொழிலின் அன்றாடப் பொருள்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் இவற்றையே பெரும்பாலும் கொண்டு ஏறத்தாழ 40 இலட்சம் துப்பாக்கிகளைச் செய்து குவித்தது. அத்துப்பாக்கியின் பெயர் ஸ்டென். துணை இயந்திரத் துப்பாக்கி என்னும் இனத்தைச் சேர்ந்தது அது.

இத்துப்பாக்கியின் உறுப்புகள் யாவை, ஒவ்வொன்றும் ஆற்றும் பணி யாது என்பதை இன்று காண்போம். படைக்கலத்தின்மீது உங்களுக்கு ஆசை மூட்டுவது என் நோக்கமன்று. ஓர் இயந்திரத்தில் இயக்கும் உறுப்பு, தடுக்கும் உறுப்பு என இருவகை உண்டு. அவற்றுள் தடுக்கும் உறுப்பைச் சிறிதென எண்ணிக் குறைத்தால் என்ன நேரும் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் கருவி வேறொன்று கிடைப்பது அரிது. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பெயரின் பொருளை அறிவோம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் தானாகவே தொடர்ந்து சுடுவது இயந்திரத் துப்பாக்கி. அது ரைபிளுக்குரிய ஆற்றல் மிகுந்த தோட்டாவைப் பயன்படுத்தும், கனமானது. துணை இயந்திரத் துப்பாக்கியும் தொடர்ந்து சுடுவதே; ஆனால் அது பயன்படுத்துவது கைத்துப்பாக்கிக்குரிய சிறிய தோட்டாவை. ஆகவே ஒருவரே எளிதில் தூக்கிச் செல்லலாம். முதல் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918இல் செருமானியப் படையினர் ஹ்யூகோ ஷ்மைசர் வகுத்த எம்.பி. 18 என்னும் துப்பாக்கியைப் பதுங்குகுழிப் போரில் பயன்படுத்தினர். அமெரிக்காவில் ஜான் தாம்ஸன் என்பவர் தாம் உருவாக்கிய துப்பாக்கிக்குச் 'சப்மெஷின் கன்' என்று பெயர் சூட்டினார். அப்பெயரே இவ்வினம் முழுமைக்கும் நிலைத்துவிட்டது.

1940ஆம் ஆண்டு டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது தன் படைக்கலங்களிற் பெரும்பகுதியைப் பிரான்ஸிலேயே விட்டு வந்தது. அமெரிக்கத் தாம்ஸன் துப்பாக்கி ஒன்றின் விலை அந்நாளில் சுமார் 200 டாலர். அவ்வளவு பொருளும் இல்லை. காத்திருக்க நேரமும் இல்லை. இந்நெருக்கடியில் ஷெப்பர்டு, டர்பின் என்னும் இருவர் 1941இல் மிக எளிய ஒரு துப்பாக்கியை வகுத்தனர். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளும், என்ஃபீல்டு என்னும் ஊர்ப்பெயரின் தொடக்கமும் சேர்ந்து ஸ்டென் ஆயிற்று. இறுதிப் பகுதி இங்கிலாந்தைக் குறிக்கும் என்பாரும் உளர். அதன் உறுப்புகள் ஏறத்தாழ ஐம்பதே. அடக்கவிலை சுமார் 10 டாலர். சிறிய பட்டறைகளும் உறுப்புகளைச் செய்து கொடுத்தன.

என்ஃபீல்டு என்றதும் உங்கட்கு ஒரு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும். அது பொருத்தமே. இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த ரெடிட்ச் நகரத்து நிறுவனமே பின்னர் ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரைத் தாங்கியது. 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்பது அதன் விளம்பர வாசகம். அப்பெயர் தாங்கிய வண்டிகள் 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாயின. 2013 முதல் ஒரகடத்திலும் உருவாகின்றன.

இனி உறுப்புகளுக்கு வருவோம்.

முதலாவது குழல். குண்டு வெளியேறும் வழி இது. இதன் உட்புறத்தில் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே செல்லும் குண்டு தன் அச்சிலே சுழன்றுகொண்டு பாய்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தடுமாறாமல் நேரே செல்கிறது.

இரண்டாவது உடற்கூடு. ஸ்டென் துப்பாக்கியில் இது வெறும் எஃகுக் குழாய். மற்ற உறுப்புகள் அனைத்தையும் தாங்குவதும், உள்ளே ஓடும் போல்ட்டுக்குத் தடமாக அமைவதும் இதன் பணி.

மூன்றாவதே இயந்திரத்தின் இதயம் எனத்தக்க போல்ட். கனமான உருளை வடிவ எஃகுக் கட்டை இது. இதன் பின்னே நான்காவது உறுப்பாகிய சுருள்வில் நிற்கிறது. போல்ட் முன்னே பாயும்போது ஒரு தோட்டாவைத் தள்ளிக் குழலின் வாயிற் சேர்க்கிறது. அதன் முகத்திலுள்ள சுடுமுனை தோட்டாவின் அடியைத் தாக்குகிறது, மருந்து பற்றுகிறது. வெடித்த வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. தோட்டாக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இங்கே காண்கிறீர்கள்.

போல்ட்டைப் பூட்டி வைக்கும் தாழ் எதுவும் இத்துப்பாக்கியில் இல்லை. அவ்வாறாயின் வெடித்த அக்கணமே போல்ட் பின்னே பறந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்காதா? அடிக்காமல் காப்பது போல்ட்டின் எடையே. கணக்கின் எளிமைக்காகக் குண்டின் எடை 8 கிராம் என்றும், வேகம் விநாடிக்கு 360 மீட்டர் என்றும், போல்ட்டின் எடை 640 கிராம் என்றும் கொள்வோம். போல்ட் குண்டைவிட 80 மடங்கு கனமானது. ஆகவே அது பெறும் வேகம் எண்பதில் ஒரு பங்கு; அதாவது விநாடிக்கு நாலரை மீட்டர். போல்ட் சற்றே நகர்வதற்குள் குண்டு குழலை விட்டு நீங்கிவிடும், அழுத்தமும் தணிந்துவிடும். மேலும், போல்ட் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே மருந்து பற்றிக்கொள்வதால், அம்முன்னோட்டத்தை நிறுத்திய பிறகே அதனைப் பின்னே தள்ள வேண்டியதாகிறது. பூட்டின் வேலையை எடை செய்துவிடுகிறது. விலை குறைந்ததன் முதற் காரணம் இதுவே.

பின்னே செல்லும் போல்ட் வெறுங்கையோடு செல்வதில்லை. அதன் முகத்திலுள்ள ஒரு சிறு கொக்கி, காலியான கூட்டைக் கவ்வி இழுத்துச் செல்கிறது. உடற்கூட்டில் நிலையாக நிற்கும் ஒரு முனை அக்கூட்டைத் தட்டி, பக்கத்துத் துளை வழியே வெளியே எறிகிறது. அதற்குள் சுருள்வில் முழுதும் அமுங்கிவிடுகிறது. அமுங்கிய வில் விரிந்து போல்ட்டை மீண்டும் முன்னே அனுப்புகிறது. அடுத்த தோட்டா, அடுத்த வெடிப்பு. இவ்வாறு ஒரு நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் நிகழும் வேகம் அதற்கு உண்டு.

அடுத்த உறுப்பு மேகஸின் எனப்படும் தோட்டாப் பெட்டி. ஸ்டென்னில் அது இடப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். 32 தோட்டாக்கள் கொள்ளும். உள்ளே இரு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் வாயருகே ஒரே வரிசையாகக் குறுக வேண்டும். இரண்டு கதவு வழியே வந்த கூட்டம் ஒற்றைக் கதவில் நெருக்குண்பதுபோல, சிறு தூசு சேர்ந்தாலும் அங்கே சிக்கல் ஏற்படும். ஆதலால் படைவீரர் பலர் 32க்குப் பதிலாக 30 அல்லது அதற்கும் குறைவாகவே இட்டு நிரப்பினர்.

இதுவரை கூறியவை இயக்கும் உறுப்புகள். இனிக் கூறப்போவன தடுக்கும் உறுப்புகள்.

செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடி கொள்ளளவும் உடைய அவ்வேரியின் நீர், கரையாலும் ஷட்டர்களாலும் நிற்கிறது. ஷட்டர் நீரைத் தள்ளுவதில்லை, தடுத்து நிறுத்துகிறது, உரிய வேளையில் விடுகிறது. அவ்வளவே. ஆயினும் ஷட்டர் இல்லாத ஏரி ஊருக்கு ஏரியாகாது. துப்பாக்கியில் அந்த ஷட்டரின் இடத்தில் நிற்பது, பிடிகொக்கி எனத்தக்க ஒரு சிறு துண்டு. பின்னே இழுத்த போல்ட்டை, வில்லின் விசைக்கு எதிராக அது பிடித்து நிறுத்துகிறது. விரலால் விசையை அழுத்தினால் பிடிகொக்கி தாழ்கிறது, போல்ட் பாய்கிறது. விரலை எடுத்தால் பிடிகொக்கி எழுந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வாறு போல்ட் பின்னே நிற்க, குழல் திறந்திருக்கும் அமைப்புக்குத் திறந்த போல்ட் முறை என்று பெயர். சுடாத வேளையில் காற்றுப் புகுந்து குழல் குளிரும். காய்ந்த குழலில் தோட்டா தங்கித் தானே வெடிக்கும் இடரும் இல்லை. இது இம்முறையின் நன்மை. தீமையை இனிக் காணுங்கள்.

ஸ்டென் துப்பாக்கியின் காப்பு, உடற்கூட்டில் வெட்டிய ஒரு பள்ளமே. போல்ட்டின் கைப்பிடியைப் பின்னே இழுத்து அப்பள்ளத்தில் மாட்டிவைக்க வேண்டும். பலமாக அதிர்ந்தால் அது நழுவக்கூடும். போல்ட் முன்னே இருக்கும் நிலையிலோ, தொடக்கத்தில் அதைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. தோட்டாப் பெட்டி பொருத்திய துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்து, அடிக்கட்டை தரையில் மோதுகிறது எனக் கொள்வோம். துப்பாக்கி நின்றுவிடும், உள்ளே உள்ள கனமான போல்ட் நில்லாது. சடத்துவத்தால் அது பின்னே நகரும். பிடிகொக்கியை எட்டும் அளவு நகர்ந்தால் தொல்லையில்லை. அதற்குச் சற்றுக் குறைவாக, ஆனால் தோட்டாப் பெட்டியைத் தாண்டும் அளவு மட்டும் நகர்ந்தால், வில் அதை முன்னே தள்ளும், அது தோட்டா ஒன்றை ஏந்திச் செல்லும், துப்பாக்கி வெடிக்கும். விசையில் எவர் விரலும் இல்லை. ஆயினும் குண்டு பாயும். இவ்வாறு தம் பக்கத்தவராலேயே காயமுற்ற வீரர்கள் உண்டு. எடையே பூட்டாகிச் செலவைக் குறைத்தது என்றேன் அல்லவா? அவ்வெடையே இங்கே பகையாயிற்று.

பின்னர் இதற்குக் கண்ட மருந்து யாது? கைப்பிடியை உள்ளே அழுத்தினால், எதிர்ப்புறக் குழாயில் இட்ட ஒரு துளையில் அதன் முனை நுழைந்து, போல்ட்டை முன்நிலையிலேயே பூட்டுமாறு செய்தனர். ஒரு துளை, சற்று நீண்ட ஒரு கைப்பிடி. செலவு மிகச் சிறிது. ஆனால் அச்சிறு துளை இல்லாதபோது அதன் விலையைச் செலுத்தியவர், துப்பாக்கியை வகுத்தவரல்லர்; அதைச் சுமந்தவர்.

ஸ்டென்னின் குறைகளைக் களைந்து ஜார்ஜ் பேட்செட் என்பவர் வகுத்த ஸ்டெர்லிங் துப்பாக்கியை 1953இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. அதன் போல்ட்டின் மேற்புறத்தில் திருகு வடிவ விளிம்புகள் உண்டு. அவை புழுதியை வழித்துத் தள்ளும். அதன் தோட்டாப் பெட்டி வளைந்தது. 34 தோட்டாக்கள் கொள்வது. உள்ளே உருளைகள் அமைந்தமையால் தோட்டாக்கள் சிக்கலின்றி ஏறும். இத்துப்பாக்கியே நம் நாட்டில், 1942இல் நிறுவப்பட்ட கான்பூர்ச் சிறுபடைக்கலத் தொழிற்சாலையில், 9 மில்லிமீட்டர் கார்பைன் என்ற பெயரில் செய்யப்பட்டது. நம் படையினரும் காவலரும் அதை நெடுங்காலம் ஏந்தினர்.

பின்னும் வளர்ச்சி நிற்கவில்லை. 1960களில் செருமனியில் தோன்றிய எம்.பி. 5 என்னும் துப்பாக்கியில் போல்ட் மூடிய நிலையிலிருந்தே சுடும். இரு உருளைகள் அது பின்னே செல்வதைத் தாமதப்படுத்தும். நம் தேசியப் பாதுகாப்புப் படையினர் பயன்படுத்துவது இவ்வகை. 2021 சனவரியில் மஹூ காலாட்படைப் பள்ளியும் புனேயிலுள்ள படைக்கல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 'அஸ்மி' என்னும் 9 மில்லிமீட்டர்த் துப்பாக்கியை வெளியிட்டன. அதன் விசைப் பகுதியின் உறுப்புகளை உருவாக்க உலோக முப்பரிமாண அச்சு முறை பயன்பட்டது.

தமிழகமும் இத்தொழிலுக்குப் புதிதன்று. 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை துப்பாக்கிகள் செய்வது. 2019 சனவரியில் அந்நகரிலேயே தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழிற்பெருவழி தொடங்கப்பெற்றது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். உங்களுள் சிலர் நாளை அங்கே வரைபடம் வரையலாம். மிகப் பலர் மோட்டார் வண்டித் தொழிலில் அமரலாம்.

எங்கே அமரினும் ஒன்றை மறவாதீர்கள். பிரஸ் இயந்திரத்தின்முன் நிற்கும் தொழிலாளியின் இரு கைகளும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று அமைப்பது ஒரு காப்பு. கை அச்சுக்குள் இருக்கும்போது பிரஸ் இறங்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. வேலை விரைய வேண்டும் என்று அந்த இரண்டில் ஒன்றைக் கட்டிவைத்தால், ஒரு நாளில் சில உருப்படிகள் கூடும். ஒரு நாள் விரல்கள் குறையும். ஸ்டென் துப்பாக்கியில் விடுபட்ட துளையும், பிரஸ்ஸில் கட்டிவைக்கப்பட்ட பொத்தானும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

35 ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்றவன் என்னும் உரிமையில் ஒரு வேலையை உங்களுக்குத் தருகிறேன். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; தையல் இயந்திரமாயினும், மாவரைக்கும் கிரைண்டராயினும், மிதிவண்டியாயினும் ஆகுக. அதன் உறுப்புகளை இயக்குவன, தடுப்பன என இரண்டு வரிசையாக எழுதுங்கள். தடுப்பவற்றுள் ஒன்றை நீக்கினால் யாருக்கு, எப்போது, என்ன துன்பம் நேரும் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். அப்பட்டியலை முழுமையாக எழுத வல்லவரே நல்ல பொறியாளர் ஆவார்.